குளத்துக்கு மேற்கே இருந்த காடு

"தண்ணி குடிக்கக் கத்துக்கறதுக்கா உன்ன செதம்பரத்துக்கு அனுப்புனேன்?" என்று மாமா கேட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரம். அவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடித் தம்ளர்களில் உடையாமல் மிஞ்சிய ஒன்று கையில் இருந்தது. அதில் பானைத் தண்ணீரை மொண்டு வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"பாரு. அந்தாண்ட இருக்கற ஆடு தெரியுது. இதுல என்னா கொறையக் கண்டுபுடிச்ச?"

"கொறை கண்ணுக்குத் தெரியாது மாமா."

"ஒனக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சிது?"

"மைக்ராஸ்கோப்புல பாத்தேன்."

"அத வயித்துல மாட்டிக்கிட்டா குடிக்கிறாங்க?"

மாமி சிரித்தார். அவர்கள் மகனும் சிரித்தார். அவர் என் அக்காவைக் கட்டிய மச்சான். குழந்தையை மடியில் போட்டிருந்த அக்கா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

அப்போது நான் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு முடித்துக் கோடை விடுமுறைக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. குர்ஆன் ஓதத் தெரியும். தமிழில் எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கட்டைவிரல்தான். ஊருக்குள் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு, தலை குனியாமல், தெருவின் நடுவில் நடந்து போவேன். திமிர் என்று சொல்வார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

என்னைப் படிக்க வைத்தவர் அம்மாவின் அண்ணனான இதே மாமாதான். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அத்தா, என் தகப்பனார், இறந்துவிட்டார். அம்மாவையும் எங்கள் இருவரையும் கூட்டிவந்து, தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கூரைவீடு கட்டிக் கொடுத்து, ஒரு வேளைச் சோற்றுக்குக் கூடக் குறை வைக்காமல் பார்த்துக்கொண்டார். பெண்ணுக்கு எதற்குக் காலேஜ் என்று ஜமாத்தில் பேச்சு வந்தபோது, "எம் மருமவ, நான் படிக்க வெக்கிறேன், ஒங்க வூட்டு அரிசியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவர். அவரைக் கெட்டவராக நினைத்து யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

எங்கள் ஊர் ஸ்ரீமுஷ்ணத்துக்கு மேற்கே செம்மண் மேட்டில் இருக்கிறது. கிழக்கே போனால் வாய்க்காலும் நெல்லும். எங்கள் பக்கம் மழையை நம்பிய புஞ்சை. ஊரைத் தாண்டி நிலம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். நான் சிறுமியாக இருந்தபோது அந்த ஏற்றம் முழுக்கக் காடு. வானத்தை முட்டும் மரங்கள் இல்லை. காரை, சூரை, களா, வெப்பாலை, நடுநடுவே உசிலையும் தேற்றாவும். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆளை நிமிர்ந்து நடக்க விடாது. களாப்பழம் பறிக்கப் போய்ப் பாவாடை கிழியாமல் நான் திரும்பியதில்லை. தரையில் சருகு மெத்தை போலக் கிடக்கும். மழை கொட்டினாலும் தண்ணீர் உடனே ஓடி வராது. சருகுக்குள் இறங்கி, மண்ணில் ஊறி, வானம் வெளுத்த பிறகுதான் கசிந்து கசிந்து ஓடையில் சேரும். ஓடை எங்கள் குளத்தில் வந்து விழும்.

ஊர் முழுக்கக் குடித்தது அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான். அதில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். கரையில் துணி துவைத்தால் பஞ்சாயத்து. கிணறு என்று இருந்தது பள்ளிவாசல் கிணறு ஒன்றுதான். ஆழமான கிணறு, வருஷம் முழுக்க வற்றாது. ஆனால் தண்ணீர் உவர். தொழுகைக்கு வருகிறவர்கள் கை கால் முகம் கழுவ அதிலிருந்து இறைத்துத் தொட்டியில் ஊற்றுவார்கள். வாயில் விட்டால் முகம் சுளிக்கும். அதை யாரும் குடித்ததில்லை.

காடு அம்மாவின் அத்தாவுடைய பட்டா நிலம். அவர் அதை விறகுக்கும் ஆட்டுத் தழைக்கும் விட்டு வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அது மாமாவுக்கும் அம்மாவுக்கும் வந்தது. மார்க்கத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு உண்டு. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அதைக் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுவிடும். அம்மாவும் கேட்கவில்லை. காடு முழுவதும் மாமாவின் காடு என்றே ஆகிவிட்டது.

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் மாமா அதை வெட்டினார். "சும்மா கெடக்குது, மல்லாட்ட போட்டா குடும்பம் நிமிந்துடும்" என்றார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்வது நிலக்கடலையை. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு கோடை முழுக்க ஊருக்கே வேலை கிடைத்தது. விறகு வண்டிகள் வரிசையாக விருத்தாசலம் பக்கம் போயின. வேரோடு பிடுங்கி, எரித்து, உழுது, ஆடி மழைக்கு விதைத்தார்கள். முதல் விளைச்சல் அமோகம். நான் சிதம்பரத்துக்குப் படிக்கப் போனது அந்தக் கடலையில்தான்.

அந்த வருஷத்திலிருந்து ஓடையின் நடத்தை மாறியது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் இரைச்சலோடு வந்தது. செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தது. குளம் டீ போட்டது போல் ஆனது. மழை நின்று பல நாள் ஆனாலும் தெளியவில்லை. ஓடையின் கரை வெடித்து, வருஷத்துக்கு வருஷம் பள்ளம் அகன்றுகொண்டே போனது.

ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் தேற்றாங்கொட்டை. கலங்கிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றுவதற்கு முன் அந்தக் கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் தேய்த்துவிட்டால், மண்ணெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே பளிங்கு மாதிரித் தண்ணீர் நிற்கும். எங்கள் வீடுகளில் காலங்காலமாக உள்ள பழக்கம். காட்டோடு தேற்றா மரங்களும் போய்விட்டதால், கொட்டையை ஸ்ரீமுஷ்ணம் சந்தையில் வாங்கி வந்தார்கள். முன்பு ஐப்பசியில் மட்டும் தேய்த்தவர்கள் இப்போது பானை வைக்கும்போதெல்லாம் தேய்த்தார்கள். தெளிந்துவிட்டால் நல்ல தண்ணீர். அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

சந்தேகம் கிடையால் வந்தது. சருகு போய்விட்ட மண் இரண்டு மூன்று விளைச்சலில் களைத்துவிட்டது. மாமா ஆட்டுக்கிடை கட்ட ஆரம்பித்தார். கோடையில் கிடைக்காரர் தன் மந்தையை ஓட்டி வந்து, வயலில் வலை கட்டிப் பட்டி போட்டு, ஆடுகளை இரவில் அங்கேயே படுக்கவைப்பார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எரு. தினம் பட்டியை இடம் மாற்றி மேடு முழுக்க நிரப்புவார்கள். சமவெளியில் இது நல்ல வேலைதான். எங்கள் மேட்டுக்குக் கீழே குடிக்கிற குளம் இருந்தது. முதல் கோடை மழை அத்தனை எருவையும் வழித்து ஓடையில் போட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் கோடை மழை முடிந்த கையோடு ஊரில் பேதி வந்தது. "சூட்டுல வருது" என்றார்கள். "மாங்கா தின்னா வராம என்னா பண்ணும்" என்றார்கள். பெரியவர்கள் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் சில வீடுகளில் குழந்தைகள் எழவில்லை.

அக்காவுக்கு ஐப்பசியில் ஆண் குழந்தை பிறந்தது. நான் அப்போது விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது இரண்டு சீசாக்களில் தண்ணீர் எடுத்துப் போனேன். ஒன்று மாமா வீட்டுப் பானையில் தெளியவைத்தது. மற்றொன்று பள்ளிவாசல் கிணற்று உவர்த் தண்ணீர். சிதம்பரத்தில் விடுதி அறையில் என்னுடன் தங்கியிருந்தவள் கடலூர் செம்மண்டலத்துப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். சீசாக்களைப் பார்த்துவிட்டு, "என்னாடி, மக்காவுலேந்து தண்ணி வந்திருக்கா? எனக்கும் கொஞ்சம் குடு" என்றாள். மறுநாள் விலங்கியல் செய்முறை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

உவர்த் தண்ணீரில் தேடித்தான் எதையாவது காண வேண்டியிருந்தது. தெளிந்த தண்ணீரின் ஒரு துளியில் இடமே இல்லை. துடித்தன, உருண்டன, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போயின. எவை நோய் தருபவை, எவை சும்மா இருப்பவை என்று எனக்குப் பெயர் பெயராகச் சொல்லத் தெரியாது. சாணம் கலந்த தண்ணீரை அதற்கு முன் வகுப்பில் பார்த்திருக்கிறேன். இது அதுதான். தோழி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "இதையா உங்க அக்கா குடிக்கிறாங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் கேலி பேசவில்லை.

அன்றைக்குப் புரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேற்றாங்கொட்டை மண்ணை உட்கார வைத்தது. மண்ணோடு கொஞ்சம் அழுக்கும் போயிருக்கலாம். மிச்சம் இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. காடு இருந்தவரை கொட்டை செய்யவேண்டிய வேலை கொஞ்சம்தான். மற்றதைச் சருகும் வேரும் மேட்டிலேயே முடித்துவிடும். காடு போன பிறகும் நாங்கள் கொட்டையையே நம்பினோம். குடிக்கக் கூடாததைத் தெளியவைத்துக் குடித்தோம், குடிக்கக் கூடியதில் கால் கழுவினோம்.

கோடை விடுமுறையில் வந்து இதைத்தான் மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்டதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அக்கா என்னை நம்பினாள். மாமியிடம் தண்ணீரைக் காய்ச்சித் தரும்படி கேட்டாள். "வெறவு எங்கேந்து வரும்? காட்டுலேந்தா?" என்றார் மாமி. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. காடு போன பிறகு கடலைத் தோலும் வரட்டியும் வைத்துத்தான் சோறு பொங்கியது. சோற்றுக்கே பற்றாத அடுப்பில் தண்ணீரை யார் காய்ச்சுவார்கள். அக்கா வேறு வழி பார்த்தாள். நான் குடிப்பதற்காக அம்மா கிணற்றுத் தண்ணீரை இறைத்து வைப்பார். அதிலிருந்து ஒரு செம்பு எடுத்து, எங்கள் அடுப்பில் சூடாக்கி, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் குழந்தைக்குக் கொடுத்தாள்.

சில நாள்தான். மாமி கண்டுபிடித்துவிட்டார்.

"பள்ளியில கால் கழுவுற தண்ணிய எம் பேரனுக்கு ஊத்தறியா? ஒந் தங்கச்சி எதச் சொன்னாலும் கேப்பியா? நாளைக்கு மண்ணத் திங்கச் சொல்லுவா."

"புள்ள நல்லாத்தான் இருக்கான் மாமி" என்றாள் அக்கா.

"நல்லா இருக்கறவனுக்கு எதுக்குடி உப்புத் தண்ணி? பல்லு மொளைக்கிற புள்ள, வயிறு காந்தாதா?"

மச்சான் நடுவில் வந்தார். "உடும்மா, டாக்டரம்மா ஒரு மாசத்துல லீவு முடிஞ்சி போயிடுவாங்க" என்றார். என்னைப் பார்த்து அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா ஒளிப்பதை விட்டுவிட்டு, எல்லோர் எதிரிலும் கிணற்றுத் தண்ணீரையே கொடுத்தாள். அதற்காக அவளிடம் மாமி பேசாமல் இருந்தார்.

வைகாசி நடுவில் ஒரு சாயங்காலம் கோடை மழை அடித்தது. மேட்டில் கிடை கட்டி முடிந்திருந்த சமயம். குளத்தில் தண்ணீர் அடிமட்டத்தில் இருந்தது. மறுநாள் அக்கா துணி துவைக்க எங்கள் பக்கம் வந்திருந்தாள். குழந்தை மாமா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. வயலிலிருந்து வந்த மாமா, அது அழுவதைக் கேட்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். பானையில் கைவிட்டு, கண்ணாடித் தம்ளரில் மொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறார். நாங்கள் போகும்போது குழந்தை தம்ளரின் விளிம்பைக் கடித்துக்கொண்டு சிரித்தது. "பாருடி, எவ்ளோ தாகமா இருந்தான். உப்புத் தண்ணியக் குடுத்தே கொல்லப் பாத்தீங்களே" என்றார் மாமா. பேரன் என்றால் அவருக்கு உயிர். அதற்குப் பிறகு தினமும் வயலிலிருந்து வந்ததும் அவரே கொடுத்தார். அக்காவால் மாமனாரின் கையைத் தட்டிவிட முடியவில்லை.

பேதி கண்டபோது "பல்லு மொளைக்கிது" என்றார் மாமி. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு எது வந்தாலும் முதலில் பல்தான். வசம்பு உரசிக் கொடுத்தார்கள். ஓதி ஊதினார்கள். குழந்தையின் உச்சி பள்ளமாவதை நான் தொட்டுப் பார்த்தேன். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கத்தினேன். மறுநாள் விடிந்து முதல் பஸ்ஸுக்கு மச்சானும் அக்காவும் நானும் கிளம்பினோம்.

சேத்தியாத்தோப்பில் பஸ் மாற வேண்டும். வெள்ளாற்றுப் பக்கம் நிழலில் நின்றோம். அக்கா குழந்தையின் வாயில் ஈரத்துணியை வைத்தாள். அது உறிஞ்சவில்லை. அவள் என்னிடம் காட்டினாள். நான் பார்த்தேன். மச்சான் டீக்கடையில் பால் கிடைக்குமா என்று கேட்கப் போயிருந்தார். திரும்பி வந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தம்ளரோடு அப்படியே நின்றார்.

மையித்து, செத்த உடல், என்று தெரிந்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். வண்டி பிடிக்க அந்த நேரத்தில் வழியில்லை. அக்கா துப்பட்டியால் குழந்தையை முழுக்கப் போர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். அழக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாகவே அழாமல் வந்தாள். முன் சீட்டில் கூடையோடு இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து, "நல்லா தூங்கறான் போல, பஸ்ஸு ஆட்டத்துக்கு" என்றாள்.

"ஆமாங்க" என்றாள் அக்கா.

மாமா அடக்கத்துக்குப் பிறகு மூன்று நாள் வயலுக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. "அல்லா குடுத்தான், அல்லா எடுத்துக்கிட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையால் கொடுத்தது என்பதை நான் சொல்லியிருந்தால் அவர் செத்திருப்பார். அந்தக் கோடையில் ஊரில் வேறு இரண்டு வீடுகளிலும் குழந்தைகள் போயின.

நான் படிப்பை முடித்தேன். கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. ஜூனில் சேர வேண்டும். அதற்கு முன்னால் அந்தக் கோடையில் ஊருக்கு வந்தபோது அக்காவுக்கு மறுபடி ஐந்தாவது மாதம். மாமா வீட்டு முற்றத்தில் கிடைக்காரர் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஓடையோரத்திலிருந்து தொடங்கி மேடு வரைக்கும் இந்த வருஷமும் பட்டி போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று அம்மாவிடம் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க பங்கக் கேளுங்கம்மா."

"கேட்டா, எங்கண்ணன் வாசல நான் மிதிக்க முடியுமா?"

"முடியாது."

"ஒங்கக்காவப் பாக்க உடுவாங்களா?"

"உட மாட்டாங்க."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் கல் பொறுக்குவது போல அரிசியைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "என்னால வாயத் தொறந்து கேக்க முடியாது. நீ கேளு. கைநாட்டு நான் வெக்கிறேன்" என்றார்.

நான் போய்க் கேட்டேன். மாமா முதலில் நான் விளையாடுவதாக நினைத்தார். புரிந்ததும் அவர் குரல் தணிந்துவிட்டது. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒம் படிப்பு எம் மல்லாட்டயில வந்ததுடி."

"தெரியும் மாமா. அத மட்டும் என்னால திருப்பித் தர முடியாது."

"எதுக்கு ஒனக்கு நெலம்? கடலூர்ல உக்காந்துகிட்டு ஏர் ஓட்டப் போறியா?"

"ஓட்டப் போறதில்ல. சும்மா போடப் போறேன்."

"சும்மா போடறதுக்கா பாகம் கேக்கற?" என்று மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார். மாமா கையை உதறினார். "ஓடையோரமா பள்ளமும் வெடிப்புமா கெடக்குது பாரு, அத எடுத்துக்க. மேட்டுல ஒரு புடி மண்ணு கெடையாது."

"அது போதும்" என்றேன். கோபத்தில் அவர் எறிந்த துண்டுதான் எனக்கு வேண்டியது. ஓடைக்கு இருபுறமும் புல்லும் புதரும் ஏறினால், மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் அங்கே கொஞ்சமாவது நின்று இறங்கும். மேடு முழுக்க அவருடையதாகவே இருக்கும்போது அந்தத் துண்டு மட்டும் குளத்தைச் சுத்தமாக்கிவிடாது. போன காடு திரும்ப என் ஆயுள் போதாது. அக்காவின் பிரசவத்துக்கு முன்னால் எதுவும் முளைக்கப் போவதும் இல்லை. பங்கு கிடைத்ததை அவளுக்குச் சொல்லக்கூட என்னை உள்ளே விடவில்லை.

ஸ்ரீமுஷ்ணத்தில் பத்திரம் பதிந்தோம். அம்மா கட்டைவிரலை வைத்தார். சாட்சியாக நான் பெயரை முழுதாக எழுதினேன். மாமா தன் விரலை வைத்துவிட்டு, எங்களுக்கு முன்னால் இறங்கி நடந்தார். நாங்கள் வந்த அதே பஸ்ஸில் அவர் ஏறவில்லை.

மறுநாள் காலை ஆள் வைத்து எல்லைக்கல் நட்டேன். பிறகு மேட்டுக்குப் போனேன். ஓடையோரத்தில் பட்டி ஏற்கெனவே போட்டிருந்தது. ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பக் காத்திருந்தன.

"கல்லுக்கு இந்தாண்ட ஆடு படுக்கக் கூடாதுங்க" என்றேன் கிடைக்காரரிடம்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, யாராவது பெரியவர் வருகிறாரா என்று என் பின்னால் பார்த்தார். யாரும் வரவில்லை.

"யாரு நெலம்மா இது?"

"எங்கம்மாவுது. நான்தான் சொல்றேன்."

அவர் குனிந்து, பட்டியின் முதல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். நானும் மறுமுனைக்குப் போய் அவிழ்த்தேன்.